ஸ்கெல்மூர் பிரபுவின் நீண்ட ஆயுள்

எங்கள் குடும்பத்து ஆண்கள் எழுபதைத் தாண்டுவது அபூர்வம், இன்ஸ்பெக்டர். கொள்ளுத்தாத்தா ஐம்பத்தெட்டில் போனார். தாத்தா அறுபத்து மூன்றில், நரி வேட்டைக்குப் போன இடத்தில் குதிரையிலிருந்து விழுந்து போனார். என் தந்தை எண்பத்தொன்று வரை இருந்தார். ஸ்கெல்மூர் பட்டம் வகித்த ஆறு பேரில் அவருக்குத்தான் ஆயுள் கெட்டி. அதில் பெரும் பங்கு என்னுடையது என்று சொன்னால் தற்பெருமையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டாக்டர் டான்ஸ்லியைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்.

நீங்கள் தாராளமாக எழுதிக்கொள்ளலாம். எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. தாத்தா காலமாக இருந்தால், ஒரு பிரபுவைக் கூண்டில் ஏற்றினால் தீர்ப்புச் சொல்ல மற்ற பிரபுக்கள்தான் வரவேண்டும். பதினாறு வருடத்துக்கு முன்பு அந்த உரிமையை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரு இறைச்சிக் கடைக்காரர், ஒரு பள்ளி ஆசிரியர் என்று பன்னிரண்டு பேர் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். பரவாயில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னால் யாருக்கும் புரியும்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. ஒரு பிரபுவின் மூத்த மகன், தந்தை உயிரோடு இருக்கும்வரை சாதாரணக் குடிமகன். தேர்தலில் நிற்கலாம், பொதுமக்கள் சபையில் உட்காரலாம், அமைச்சராகலாம், அதிர்ஷ்டம் இருந்தால் பிரதமராகவும் ஆகலாம். தந்தை கண்ணை மூடிய அந்த நிமிடமே பட்டம் அவன் தலையில் வந்து விழும். அதோடு பொதுமக்கள் சபையில் அவன் இடம் காலி. அவன் பிரபுக்கள் சபைக்குப் போயாக வேண்டும். விருப்பமா என்று யாரும் கேட்கமாட்டார்கள். நான் பிறந்தபோது சட்டம் அப்படித்தான் இருந்தது.

அப்பாவுக்கு இதில் ஒரு வேடிக்கை. அவர் பிரபுக்கள் சபையில் முப்பத்தெட்டு வருடம் உட்கார்ந்து மொத்தம் மூன்று முறை பேசியவர். இரண்டு முறை சால்மன் மீன் பற்றி, ஒரு முறை சாக்கடை பற்றி. நான் முதல் தேர்தலில் ஜெயித்து வந்த அன்று சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் என்னைச் சீண்டினார். "ரொம்ப ஆடாதடா லயனெல். நான் கண்ண மூடுன மறுநாளே நீ என் இடத்துல வந்து உக்காந்து தூங்க வேண்டியதுதான். மெத்து மெத்துன்னு நல்லா இருக்கும், கவலப்படாத." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஐம்பத்தேழாம் வருடம் இலையுதிர் காலத்தில் அவருக்கு முதல் பக்கவாதம் வந்தது. அப்போது நான் துணை அமைச்சராகி நாலு மாதம்கூட ஆகவில்லை. கட்சிக் கொறடா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ரொம்ப அன்பான மனிதர். "அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்டார். தேறி வருகிறார் என்றேன். "பாத்துக்கோ லயனெல். உங்கப்பா இருமினா இங்க எனக்குக் காய்ச்சல் வருது. உன் தொகுதியில இடைத்தேர்தல் வந்தா நாம அவுட்டு" என்றார். அதன் பிறகு சபையின் நடைபாதையில் என்னைப் பார்க்கிற எல்லோரும் அப்பாவின் உடல்நலத்தை விசாரித்தார்கள். ஒரு கிளப்பில் அவர் எந்த மாதம் போவார் என்று பந்தயம்கூட நடந்ததாம். எவ்வளவு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த பிப்ரவரியில் இரண்டாவது பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போயிற்று. பேச்சும் போயிற்று; மிஞ்சியது இரண்டு சொல்தான். 'போதும்' என்பது ஒன்று, 'விடு' என்பது இன்னொன்று. புத்தி மட்டும் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. டான்ஸ்லி சோதித்துப் பார்த்துச் சொன்னார். நான் அவரைத் தெற்குப் பார்த்த பெரிய படுக்கை அறைக்கு மாற்றினேன். வீட்டிலேயே நல்ல அறை அதுதான்.

ஐம்பத்தொன்பது ஜனவரியில் நிமோனியா வந்தது. டான்ஸ்லி என்னை மாடிப்படி அருகில் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். "இது அவருக்கு நல்ல சாவு. ரெண்டு நாள்ல தூக்கத்துலயே போயிருவார், வலி தெரியாது. தடுக்க வேண்டாம் ஐயா." நான் அவரை மரியாதையாகத்தான் கேட்டேன்: "இந்த வருஷம் தேர்தல் இருக்கே டாக்டர்?" அவர் தன் பையைத் திறந்தார். பிறகு பெனிசிலின் போட்டார். அக்டோபரில் நான் மூவாயிரம் ஓட்டில் ஜெயித்தேன். மறு புத்தாண்டில் அரசி வழங்கிய கௌரவப் பட்டியலில் டான்ஸ்லியின் பெயர் இருந்தது. தகுதியான மனிதர்தான்.

பெனிசிலினுக்குப் பிறகு அப்பா சாப்பிட மறுத்தார். கரண்டியைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வார். பதினோரு நாள் அப்படி இருந்தார். அந்த வயதில் அவ்வளவு மன உறுதி இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போடச் சொன்னேன். அவருக்கு இடது கை நன்றாக வேலை செய்தது, பிடுங்கிப் போட்டார். மறுபடி போட்டோம், மறுபடி பிடுங்கினார். அதனால் இடது கையைக் கட்டிலின் ஓரத்தில் கட்டி வைத்தோம். கயிறு என்று நீங்கள் எழுதுகிறீர்கள், அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அவருடைய பட்டு அங்கியின் இடுப்புப் பட்டையால்தான் கட்டினோம். தோல் உரியாமல் இருக்க உள்ளே பஞ்சு வைத்திருந்தோம்.

அப்படியே ஐந்து வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதில் இன்னும் மூன்று முறை நிமோனியா வந்தது, மூன்று முறையும் நான் திருப்பி அனுப்பினேன். வெள்ளிக்கிழமை தோறும் ரயிலேறி வந்துவிடுவேன். சபையில் ஓட்டெடுப்பு இருந்தால் எதிர்க்கட்சியில் ஒருவரோடு ஜோடி போட்டுக்கொள்வது வழக்கம். நான் வராவிட்டால் அவரும் வரமாட்டார், கணக்கு சரியாகிவிடும். என் ஜோடி வேல்ஸ்காரர், பழைய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பன் இருமி இருமிச் செத்தப்ப நான் சுரங்கத்துல இருந்தேன். உன்ன மாதிரி புள்ள கெடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்யா" என்று கண் கலங்கினார். தொகுதியிலும் நல்ல பேர். ஒரு பத்திரிகையில் நான் அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்திருக்கிற படம் வந்தது. படம் எடுக்கும்போது குழாயையும் பட்டையையும் எடுத்துவிட்டோம், போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டோம்.

என் அக்கா வினிஃப்ரெட்டைப் பற்றி நீங்கள் கேட்கத்தான் போகிறீர்கள். அவள் ஒரு முறை சொல்லாமல் கொள்ளாமல் வந்து, கட்டியிருந்த கையைப் பார்த்துவிட்டாள். நூலகத்தில் வந்து என் முன்னால் நின்றாள்.

"அவரு என்னைப் போக விடுங்கன்னு கேக்குறாருடா. தெனமும் கேக்குறாரு. வேண்டாம்னு சொல்ல நீ யாரு?"

"நான் வாரிசு" என்றேன்.

 பெண்களுக்குப் பட்டம் கிடையாது என்பதால் அவர்கள் இந்த விஷயத்தைச் சுலபமாகப் பார்க்கிறார்கள். அவள் வந்து போனால் அப்பா இரண்டு நாள் அமைதியில்லாமல் இருந்தார். அதனால் வர வேண்டாம் என்று எழுதிவிட்டேன். வாசலில் சொல்லியும் வைத்தேன்.

அப்போதிருந்த நர்ஸ் மிஸ் பார்கின் இருபத்தாறு வயதுப் பெண், இளகிய மனம். ஒரு செவ்வாய்க்கிழமை அப்பா கெஞ்சியதைத் தாங்க முடியாமல் குழாயை எடுத்துவிட்டு, கைக்கட்டையும் அவிழ்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். சமையல்காரி லண்டனில் இருந்த எனக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டாள். மருந்து அலமாரியிலிருந்து மார்ஃபின் திருடினாள் என்று செவிலியர் பதிவேட்டுக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். திருடவில்லை. வெறும் இரக்கத்துக்காக ஒருத்தியைப் பதிவேட்டிலிருந்து நீக்கமாட்டார்கள் என்பதால் வேறு காரணம் தேவைப்பட்டது. ஹல் நகரில் ஒரு சலவைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள் என்று கேள்வி.

அறுபத்து மூன்றில் புதிய மசோதா வந்தது. பட்டம் வந்து விழுந்தவன் வேண்டாமென்றால் அதை உதறிவிடலாம், பொதுமக்கள் சபையிலேயே இருக்கலாம். அப்போது நான் அமைச்சர். ஒவ்வொரு வார இறுதியிலும் மசோதா எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அப்பாவிடம் போய்ச் சொல்வேன். இரண்டாம் வாசிப்பு முடிந்தது, குழு நிலை முடிந்தது, மூன்றாம் வாசிப்பு முடிந்தது. அவர் இடது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, எத்தனை பாக்கி என்று கண்ணால் கேட்பார். அடுத்த பொதுத்தேர்தலுக்குப் பிறகுதான் அமல் என்று முதலில் இருந்தது. அதைக் கேட்டு அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு பிரபுக்கள் சபையே உடனடியாக அமல் என்று மாற்றிவிட்டது. முப்பத்தெட்டு வருடம் அவர் தூங்கிய சபை அவருக்குச் செய்த ஒரே உபகாரம் அது. அந்த வாரம் அவரே வாயைத் திறந்து கஞ்சி குடித்தார். வாழ்வதற்கு அவருக்கு நான் ஒரு காரணம் கொடுத்தேன் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஜூலை முப்பத்தொன்றாம் தேதி அரசி ஒப்புதல் கொடுத்தார். அந்த வார இறுதியில் நான் வந்தபோது அப்பா முகம் மழித்து, கழுத்துப் பட்டி கட்டி, தலை வாரி உட்கார்ந்திருந்தார். சைகை காட்டிச் செய்ய வைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் குழாயைக் கண்ணால் காட்டி, "விடு" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அந்தச் சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

"இப்ப இல்லப்பா" என்றேன். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் பொறுமையாக விளக்கினேன். பட்டத்தை ஒருமுறை உதறிவிட்டால் என் வாழ்நாளில் திரும்ப எடுக்க முடியாது. பொதுமக்கள் சபையிலோ அடுத்த தேர்தலில் காற்று எங்கள் பக்கம் வீசுவதாகத் தெரியவில்லை. அவர் இருக்கும்வரை நான் எதையும் உதற வேண்டியதில்லை. எனக்கு இரண்டு கையிலும் லட்டு. அரசியலில் இருக்கிற எவனும் அந்த நிலையைத் தானாகக் கெடுத்துக்கொள்ளமாட்டான். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பக்கவாதம் வந்தவர்களுக்கு அது சகஜம் என்று டான்ஸ்லி சொல்லியிருக்கிறார்.

இதற்குப் பிறகுதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. செப்டம்பரில் திருமதி காபோல்ட் நர்ஸாக வந்தாள். மீன்பிடி ஊரிலிருந்து வந்த விதவை, தடித்த உடம்பு, வாய் ஓயாது. அவரைப் பிரபு என்றே பார்க்கவில்லை. "என்ன பெரியவரே, மூஞ்சிய இப்படி வச்சிருந்தா பால் திரிஞ்சு போயிரும். ஒரு வாய் முழுங்குங்க பாப்போம்" என்று அதட்டுவாள். முதலில் தண்ணீர், பிறகு கூழ், பிறகு கஸ்டர்டு. முதுகுக்கு மூன்று தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் ஊட்டுவாள். சாய்ந்து படுத்தபடி ஒரு கரண்டி கொடுத்தாலும் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் என்று வீட்டில் எல்லோருக்கும், எனக்கும், இரண்டு தடவை சொல்லியிருந்தாள். கிறிஸ்துமஸுக்குள் மூக்குக் குழாய் தேவைப்படாமல் போயிற்று. ஈஸ்டருக்குள் இருபது முப்பது சொல் திரும்பி வந்தன. கோடையில் சக்கர நாற்காலியில் ரோஜாத் தோட்டத்துக்குப் போனார். வினிஃப்ரெட்டைக் கூப்பிடச் சொன்னார். வாய் திறந்து கேட்டவரிடம் மறுக்க முடியவில்லை, அவள் வந்தாள். அவள் மகளுக்கு டிசம்பரில் கல்யாணம், அதற்குப் போகக் கோட்டுத் தைக்க ஆள் வரச்சொன்னார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது, இன்ஸ்பெக்டர். ஒளிக்காமல் சொல்கிறேன். ஏறக்குறைய ஐந்து வருடம் அவருடைய ஒவ்வொரு மூச்சும் என்னால் ஓடியது. இப்போது என் தயவில்லாமல் அது தானாக ஓடுகிறது.

ஆகஸ்டில் ஒருநாள் தோட்டத்தில் என்னை அருகே கூப்பிட்டார். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினார். "நீ செஞ்சது... சரிதான்டா. அப்பவே போயிருந்தா... இதெல்லாம் பாத்திருக்க மாட்டேன்." என் கையைத் தட்டிக்கொடுத்தார். நன்றி அப்பா என்றேன்.

அக்டோபர் பதினைந்து தேர்தல். இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றேன். கட்சியும் ஆட்சியை இழந்தது. கொறடாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். வேறு தொகுதி எதுவும் இப்போதைக்கு இல்லை, வரிசையில் இளைஞர்கள் நிற்கிறார்கள் என்றார். பிரபுக்கள் சபையில் எதிர்க்கட்சி முன்வரிசைக்கு ஆள் தேவை, புதிய சபை கூடும் முதல் வாரத்திலேயே இடங்களை நிரப்பிவிடுவார்கள் என்றார்.  பிறகு கேட்டார்: "அப்பா எப்படி இருக்கார்?"

நன்றாக இருக்கிறார் என்றேன். "ஓ" என்றார். அந்த ஒரு எழுத்தில் அவ்வளவு ஏமாற்றத்தை நான் கேட்டதில்லை.

நீங்கள் மேசைமேல் வைத்திருக்கும் கடிதம் அந்த அவசரத்தில் எழுதியது. தந்தை இறந்தால் பிரபுக்கள் சபை தானாகக் கூப்பிடாது. வாரிசு விண்ணப்பிக்க வேண்டும்: பெற்றோரின் திருமணச் சான்று, தன் பிறப்புச் சான்று, தந்தையின் இறப்புச் சான்று. அவற்றைச் சரிபார்த்து அழைப்பாணை வர நாளாகும். ஞாயிற்றுக்கிழமை தபால் எடுக்கமாட்டார்கள். திங்கள் காலை முதல் கடிதமாக அது அங்கே இருக்க வேண்டும் என்று சனிக்கிழமை மதியமே பெட்டியில் போட்டுவிட்டேன். 'என் தந்தை ஞாயிறு காலை அமைதியாகக் காலமானார், இறப்புச் சான்று பின்னர் வரும்' என்று எழுதியிருந்தேன். அமைச்சகத்தில் எல்லாக் கடிதமும் முன்கூட்டியே தயாராகும், அந்தப் பழக்கம். பிரபுக்கள் சபையில் ஒரு குமாஸ்தா தபால் முத்திரையின் தேதியைப் பார்ப்பான் என்று நான் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும். யார் எந்த நாளில் பட்டத்துக்கு வந்தார் என்பதை வைத்துத்தான் அவர்கள் உலகமே ஓடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீங்கள் ஊகித்துவிட்டீர்கள். இருந்தாலும் என் வாயால் கேட்க வேண்டும் என்று வந்திருக்கிறீர்கள். வீட்டில் எல்லோரையும் தேவாலயத்துக்கு அனுப்பினேன். அப்பாவோடு நான் இருக்கிறேன், நீயும் போய்வா என்று திருமதி காபோல்டிடம் சொன்னேன். அவளுக்கு மிகுந்த சந்தோஷம், இரண்டு மாதமாக அவள் போகவில்லை. பத்தரை மணிக்கு அப்பாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து தலையணைகளை எடுத்துவிட்டு அவரைச் சமமாகப் படுக்க வைத்தேன். கஸ்டர்டு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையால் அவருக்கு நான் ஊட்டியது அதுதான் முதல் தடவை. அவருக்கு ஆச்சரியமாக இருந்தது, சிரித்தார். பல்லைக் கடிக்கவில்லை, தானாகவே வாயைத் திறந்தார்.

இரண்டாவது கரண்டியிலேயே இருமல் வந்தது. எழுந்து உட்கார என் தோளைப் பிடித்தார். நான் அவர் மார்பில் கையை வைத்து மெதுவாக அழுத்திக்கொண்டேன். "வேண்டாம்" என்றார். மிகத் தெளிவாகச் சொன்னார், திருமதி காபோல்ட் கேட்டிருந்தால் பெருமைப்பட்டிருப்பாள். பிறகு கல்யாணத்தைப் பற்றி ஏதோ சொல்ல வந்தார், முடியவில்லை. கிண்ணம் காலியாகப் பத்து நிமிடம் ஆயிற்று. வாயைத் துடைத்துவிட்டு, தலையணைகளை அதே இடத்தில் வைத்தேன்.

நான் இதைத் தண்டனைக்குப் பயந்து சொல்லவில்லை. யாரும் என்னைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்பதால் சொல்கிறேன். சபை செவ்வாய்க்கிழமை துவங்குகிறது. அதற்குள் இதை முடித்துக்கொண்டால் எனக்கு உதவியாக இருக்கும். அக்கா என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். அப்பா ஐந்தாறு வருடமாக என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒரு மகனாக அதை நான் செய்து கொடுத்தேன். கொஞ்சம் தாமதமாயிற்று, அவ்வளவுதான்.